ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்

எங்கள் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. என் கணவரும் கொழுந்தனாரும் ஓட்டுகிறார்கள். வீட்டை ஒட்டியே கொட்டகை. குடியாத்தத்தில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான், லுங்கி நெய்கிற சத்தம். கல்யாணமாகி வந்த புதிதில் தலை வலித்தது. பிறகு சத்தம் நின்றால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்று ஆகிவிட்டது.

அன்று காலை கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். மாமனாரும் மாமியாரும் சோளிங்கர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். நான்கு தறிகளின் சத்தத்தில் ஒன்று குறைந்தது. நூல் அறுந்திருக்கும், முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுவார் என்று நினைத்து அடுத்த காயை எடுத்தேன்.

என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஒரு துணி குடேன்" என்றார். தண்ணீர் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். இடது கையால் வலது கையைப் பொத்தி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். முழங்கையிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. சாயம் என்றுதான் முதலில் நினைத்தேன். நூல் சாயம் கையிலும் சட்டையிலும் படுவது எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. "இன்னாங்க, சாயத்த இங்க வந்து கொட்டுறீங்க" என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

அரிவாள்மணையை அப்படியே விட்டு எழுந்தேன். அவரைக் கூடத்துக் கட்டிலில் உட்கார வைத்து, அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றினேன்.

"எதுல மாட்டுச்சு?"

"பல்சக்கரத்துல. எண்ண விட்டுனு இருந்தேன்."

"தறிய நிறுத்தாமயா?"

அவர் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "காட்டுங்க, பாக்குறேன்" என்றேன். "வேணாம், பாக்காத. சும்மா கிழிச்சிருக்கு. ரெண்டு தையல் போட்டா சரியாப்பூடும்."

துண்டு நனைந்து கட்டில் விரிப்பில் சொட்ட ஆரம்பித்தது. அதற்குள் கொழுந்தனார் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். துண்டை எடுத்து என் மேல் போட்டுவிட்டு, புதிதாக நெய்து மடித்து வைத்திருந்த ஒரு லுங்கியைக் கையில் இறுக்கிச் சுற்றினார். ரத்தத்தில் எது விரல், எது உள்ளங்கை என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் துணிச்சலும் இல்லை.

"அண்ணி, நீங்க தறியெல்லாம் நிறுத்துங்க. நாங்க போய் தையல் போட்டுட்டு வந்துர்றோம்" என்று சொல்லி அண்ணனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் போய் மற்றத் தறிகளை நிறுத்தினேன். தெருவில் மற்ற வீடுகளின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கள் வீடு மட்டும் காது அடைத்ததுபோல ஆகிவிட்டது. கொட்டகையிலிருந்து சமையலறை வரை, அங்கிருந்து கட்டில் வரை சொட்டுச் சொட்டாக ரத்தம். என் புடவை முன்பக்கம் முழுக்க ஈரம்.

நான் அழவில்லை. உட்காரவும் இல்லை. புடவையை அவிழ்த்துப் போட்டு நைட்டி மாட்டிக்கொண்டு, துண்டையும் விரிப்பையும் புடவையையும் அள்ளிக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனேன். ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கை தானாகப் போனது, நான் அதன் பின்னால் போனேன்.

ரத்தக் கறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதுக்கு வந்ததிலிருந்து செய்கிற வேலை. பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு ஜென்மத்துக்கும் போகாது. காயவும் விடக்கூடாது. துணியைத் திருப்பிப் போட்டு, கறையின் பின்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும், வந்த வழியே வெளியே போகும். முதல் இரண்டு தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்றாவது தண்ணீரில் கல்லுப்புப் போட்டு ஊற விட்டு, சோப்பைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

முதல் வாளி சிவப்பாக வந்தது. சாக்கடையில் சாய்த்தேன். அடுத்தது ரோஸ் நிறத்தில் வந்தது. அதையும் சாய்த்தேன். ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டு மூன்றையும் அமுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கொழுந்தனார்.

"அண்ணி, அந்தத் துண்டு எங்க?"

"ஊற வச்சிருக்கேன். ஏன்?"

"துணி இல்ல அண்ணி. வெரல். ஆள்காட்டி வெரல்ல நுனி இல்ல. டாக்டரு பிரிச்சுப் பாத்துட்டு, துண்டு கெடச்சா எடுத்துக்கினு ஒடனே வேலூர் போங்க, ஒட்ட வச்சுப் பாப்பாங்கன்றாரு. நீங்க தேடிப் பாருங்க. நாங்க வேலூர் கெளம்பறோம்."

போன் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது.

எனக்கு விரல் போனது தெரியாது. வெட்டுக்காயம் என்று நினைத்துத்தான் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாளியைப் பார்த்தேன். சாக்கடையைப் பார்த்தேன். இரண்டு வாளித் தண்ணீரை அதில் சாய்த்திருக்கிறேன். முதலில் சுற்றிய துண்டு இந்த வாளிக்குள்தான் இருக்கிறது.

துண்டை வெளியே எடுக்கவே கை வரவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்ற பயம். இல்லாமல் போய்விடுமோ என்றும் பயம். ஒருவழியாகக் கல்லின் மேல் விரித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் தடவினேன். ஒன்றும் இல்லை. விரிப்பை உதறினேன். புடவையை முழம் முழமாகப் பிரித்தேன். இல்லை. சாக்கடையில் கையை விட்டேன். சோற்றுப் பருக்கை, பஞ்சு, முட்டை ஓடு. மெத்தென்று எது தட்டுப்பட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதுதான் சத்தமாக ஏதோ கத்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே எட்டிப் பார்த்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர். அன்று லீவு.

"இன்னாம்மா ஆச்சு? ஏன் சாக்கடையில கைய வுட்டுனு இருக்குற?"

"அக்கா, வெரல். அவரு வெரல். தண்ணியோட ஊத்திட்டேனோ தெரியல."

அக்கா புரிந்துகொள்ள ஒரு கணம் ஆனது. பிறகு சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"எங்க அடிபட்டுச்சு, அங்க பாத்தியா?"

பார்க்கவில்லை. கொட்டகையில் தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தறிக்கு அடியில் பஞ்சுத் தூசி எப்போதும் மெத்தைபோலப் படிந்து கிடக்கும். நாங்கள் இருவரும் தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் தேடினோம். அக்காவின் போன் வெளிச்சம்தான் முதலில் ஓரிடத்தில் நின்றது. "இத பாரு" என்றார். எண்ணெய்க் கறையும் பஞ்சும் ஒட்டிக்கொண்டு, ஒரு புளியங்கொட்டைபோலக் கிடந்தது. நகத்தின் ஓரத்தில் நீலச் சாயம். அந்த வாரம் ஓடிய நூலின் நீலம். அதைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை, அது அவருடையதுதான். முந்தின நாள் இரவு எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்த விரல்.

கொழுந்தனாரைக் கூப்பிட்டு எப்படிக் கொண்டுவருவது என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். சுத்தமான துணியை நனைத்துச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, கவரை ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் படக்கூடாது. அக்கா தன் வீட்டுப் பிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டிகளை எடுத்து வந்தார். மகளின் பழைய சாப்பாட்டு டப்பா கைக்கு அகப்பட்டது. நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். பள்ளிகொண்டா தாண்டி வேலூர் வரை இரண்டு கைகளாலும் டப்பாவைப் பிடித்திருந்தேன். அக்கா என்னவோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தையும் ஞாபகமில்லை. மடியில் ஐஸ்கட்டி டொக் டொக் என்று உருண்டது மட்டும் ஞாபகமிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என்னைக் கொஞ்ச நேரம் அவரைப் பார்க்க விட்டார்கள். படுத்திருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"தறியில பீஸ் மேல ரத்தம் பட்டுச்சா?"

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாக்கடையில் கையை விட்டுத் தேடிவிட்டு வந்திருக்கிறேன், இந்த மனுஷன் லுங்கியைக் கேட்கிறார். கோபம்கூட வரவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் சொன்னார்: "பட்டா தொவச்சுக்கலாம்பா. நீ பேசாம படு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமியார் திரும்பியிருந்தார். தெருவில் விஷயம் கேட்டுவிட்டு அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் துணிகளை உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து அலசிக் காயப்போட்டிருந்தார். விரிப்பு, துண்டு, புடவை மூன்றும் சுத்தமாக ஆடிக்கொண்டிருந்தன. எதுவும் நடக்காத வீட்டுக் கொடிபோல இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

தறியில் இருந்த துணிதான் போகவில்லை. கொட்டகைச் சூட்டில் ரத்தம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. மறுநாள் நானும் மாமியாரும் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பார்த்தோம். கட்டத்தில் நீலம் இருந்த இடத்தில் கறை தெரியவில்லை, வெள்ளைக் கோட்டில் மட்டும் நின்றது. புண் கழுவுகிற பெராக்சைடை மருந்துக்கடையில் வாங்கி வந்து சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்துக் கறை வெளுத்தது. கூடவே பக்கத்து நீலமும் வெளுத்தது. "வுடு, அந்த எடத்த அறுத்துப் போட்டுரலாம்" என்றார் மாமனார். அப்படியே செய்தோம்.

விரல் ஒட்டியது என்றும் சொல்ல முடியாது, போனது என்றும் சொல்ல முடியாது. முதலில் நுனி கரியாகக் கறுத்தது. போய்விட்டது என்று நினைத்து நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டேன். பிறகு அந்தக் கறுப்பு ஓடுபோல உரிந்து உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது. பாதி பிழைத்தது என்றார் டாக்டர். விரல் கொஞ்சம் குட்டை. நகம் கோணலாக முளைக்கிறது. நுனியில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. பல்சக்கரங்களுக்கு இப்போது தகர மூடி போட்டிருக்கிறோம்.

விரலில் கட்டு இருந்த நாட்களில் ஒரு காலை நான் குளிக்கப் போனபோது குளியலறை வாசலில் அவர் குந்தியிருந்தார். ராத்திரி காயத்துக் கட்டு கசிந்து தலையணை உறை கறையாகியிருந்தது. என்னைக் கூப்பிட வேண்டாம் என்று தானே துவைக்க எடுத்து வந்திருக்கிறார். இடது கையால் சொம்பைப் பிடித்து, எனக்காகப் போட்டு வைத்திருந்த வெந்நீரை மொண்டு அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சுடுதண்ணி ஊத்தாதீங்க!"

"சுடுதண்ணியிலதான் அழுக்கு நல்லா போவும்."

"அழுக்கு போவும். ரத்தம் போவாது. வெந்து ஒட்டிக்கும்."

உறையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புக் கறை பழுப்பு வட்டமாக மாறியிருந்தது. "உனக்கு எப்டித் தெரியும்? எங்கனா படிச்சியா?" என்று கேட்டார்.

நான் அவரையே பார்த்தேன். உண்மையாகவே கேட்கிறார்.

"மாசாமாசம் நான் இன்னாத்த தொவைக்கிறேன்னு நெனச்சீங்க?"

கல்யாணமானதிலிருந்து, மகள் பள்ளிக்கூடம் போகிற இன்றுவரை, ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு முறைகூட அவருக்கு அது தோன்றியதில்லை என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. தன் விரல் கட்டைப் பிரித்துப் பார்த்த அன்றுகூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

"இத்தினி வருசமா?" என்றார்.

"இத்தினி வருசமாத்தான்."

உறையை என்னிடம் கொடுக்கவில்லை. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒற்றைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். போகாது என்று இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. நான் காபி போடப் போய்விட்டேன்.