சுவரில் சாய்ந்திருந்த ஏணி

காலை ஆறே கால் மணிக்குக் கதவைத் திறந்தபோது, எங்கள் சுவரில் சாய்ந்திருந்த பச்சை ஏணியை முன்பின் தெரியாத ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒழுகும் மாடியைச் சரிசெய்ய வந்த கான்ட்ராக்டர் விட்டுப்போன ஏணி அது. முதல் நாளே தளத்தைப் பெயர்த்துவிட்டு, சிமென்ட்டுக்கென்று முழுப் பணமும் கேட்டார். தயங்கினேன்.

"ஏணி இங்கதானுங்களே நிக்குது, இத உட்டுட்டு எங்க போயிடுவேன்?" என்றார். கொடுத்தேன். பிறகு ஆளே வரவில்லை.

"இது எங்க வூட்டு ஏணிங்க," என்றார் வந்தவர். "பாலக்கோட்டுல எங்கிட்ட அட்வான்ஸ் வாங்குனவன், இதையும் இரவல் கேட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான். நேத்து பஸ்ல போறப்பக் கண்ணுல பட்டுச்சு."

அந்த ஆளின் மொத்த முதலீடே அடுத்தவர் ஏணிதான்.

இப்போது சிமென்ட் வாசலில் இறங்கிய பிறகே, கடைக்காரரிடம் நேரே பணம் தருகிறேன்.

புது மேஸ்திரி மாடி ஏற, அன்றே தூக்கிக்கொண்டு போன அதே ஏணியைப் பாலக்கோட்டுக்காரரிடம் இரவல் கேட்டேன். அவர் அட்வான்ஸ் கேட்டார்.