ஒயரை இழுத்தால் திரும்புவார்

"உங்க சோபாவுக்குக் காது முளைச்சிருக்கு, வந்து என்னன்னு பாருங்க" என்று பல் டாக்டர் போன் செய்தபோதுதான் சோபாக்காரர் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது.

போய்ப் பார்த்தால், சோபாக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்த, நோயாளிகள் உட்காரும் அந்த சோபாவின் பின்பக்கத்தில், ரெக்ஸினும் மரச்சட்டமும் சேரும் இடத்திலிருந்து ஹெட்செட்டின் காதில் மாட்டும் முனை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்டபடியே ஸ்டேப்ளர் பின் அடித்தவர், தன் ஒயரையும் சேர்த்து அடித்துவிட்டார். எழுந்தபோது ஒயர் அறுந்தது அவருக்குத் தெரியும். அறுந்த மிச்சம் எங்கே போனது என்பதுதான் தெரியாது. ஒரு நாள் முழுக்கக் கடையைப் பெருக்கிப் பெருக்கித் தேடியிருக்கிறார், மனுஷன்.

கிழிந்த சோபாக்களைப் பிரித்து, புது ஃபோம் வைத்து, புதுத்துணி போர்த்தித் தருவது அவர் தொழில். பின் அடிக்கும் கருவிக்குக் காற்று கொடுக்க ஒரு கம்ப்ரசர் மூலையில் நின்று நாள் முழுக்கக் கத்தும். உறை தைப்பது அவர் மனைவி. அந்தச் சத்தத்தில் கூப்பிட்டுத் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம் என்று, அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தால், 'இங்கே பாருங்க' என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் வாடிக்கையாளர் வந்திருக்கிறார். காலகாலமாகக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

மகளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அடங்கியதும் ஒயர் இல்லாத ஹெட்செட் ஒன்றை வாங்கிவந்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா? ஒயர்னா செருகினதும் பாடும். இதுக்குத் தீனி போடணும், டப்பாவுல தூங்க வைக்கணும். கைக்குழந்தையா இது?"

"போனுக்குத் தினமும் சார்ஜ் போடறீங்கல்ல, அதுகூடவே போடுங்கப்பா."

"காதுலேர்ந்து ஃபோமுக்குள்ள விழுந்தா? சோபாவையே பிரிக்கணும்."

"இப்ப மட்டும் பிரிக்காமயா இருந்தீங்க?"

அவர் சொன்னது எதுவும் உண்மையான காரணம் இல்லை. உண்மையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கம்ப்ரசர் பக்கத்திலேயே குனிந்து கிடந்ததில் இடது காது போய்விட்டது. வலது காது ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. யாராவது இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டால், "பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன்" என்று ஒயரைத் தொட்டுக் காட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது. பாட்டுப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போகட்டுமே! காது கேட்காதவர் என்று தெரிந்தால் அவரைத் தாண்டி அவர் மனைவியிடம் பேச ஆரம்பிப்பார்கள். தன் கடையில் தானே ஒரு சாமான்போல நிற்க வேண்டிவரும்.

மகள் மனம் நோகக் கூடாதே என்று மறுநாள் புதியதை மாட்டிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். கடலைப்பருப்பு அளவுக்கு இரண்டு துண்டுகள், அவர் காதுக்குள் இருப்பதே வெளியே தெரியவில்லை. நாற்காலி மெத்தை மாற்ற வந்த ஒரு வாத்தியார், இடது பக்கம் நின்று கூப்பிட்டார், கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தையல் மிஷின் பக்கம் திரும்பினார்.

"பாவம், அவருக்குக் காது கேக்காதா?"

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் சோபாக்காரர் தலையைத் திருப்பினார். அந்த ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டுத் தொலைத்தது.

"பாட்டுக் கேக்கறார் சார்" என்றாள் மனைவி, சட்டென்று. வாத்தியார் ஒயரைத் தேடினார், காணோம். நம்பாத சிரிப்போடு அளவு, நிறம் எல்லாவற்றையும் அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் சோபாக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் எங்கிருந்தோ ஒரு பழைய ஒயர் ஹெட்செட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். டீ வந்ததும் மனைவி வழக்கம்போல ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். முழு ஒயரும் அவர் சட்டைப்பையிலிருந்து உருவிக்கொண்டு அவள் கையோடு வந்தது. அதன் நுனி எதிலும் செருகியிருக்கவில்லை. போன், தையல் மிஷின் மேல் சார்ஜில் கிடந்தது.

"பாட்டுக் கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தவர் திருதிருவென்று விழித்தார்.

அவள் போய் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வந்து, அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ங்க."

"எப்பலேர்ந்து?"

"மிஷினை இந்தப் பக்கம் மாத்தினேனே, அப்பலேர்ந்து."

அவர் திரும்பிப் பார்த்தார். முன்பு அவள் மிஷின் இடது பக்கம், ஜன்னலோரம் இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி ஒருநாள் வலது பக்கம் நகர்த்திக்கொண்டாள். கால் வைக்க இடமில்லாமல் பண்ணிவிட்டாளே என்று அவர்கூட ஒரு வாரம் முணுமுணுத்தார். வலது பக்கம் ஜன்னலே கிடையாது. வெறும் சுவர். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

காது டாக்டரிடம் போனார்கள். இடது காதுக்குச் செய்ய ஒன்றுமில்லை, வலதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் கண்டித்து அனுப்பினார். கம்ப்ரசர் கொல்லைப்புறம் போனது. பாட்டின் சத்தம் பாதியானது.

மகள் வாங்கிய ஹெட்செட் மறுபடி டப்பாவிலிருந்து வெளியே வந்தது. வலது துண்டு அவர் காதுக்கு. இடது துண்டு அவருக்குப் பிரயோஜனமில்லை என்பதால் அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். போன் மிஷின் மேலேயே இருக்கும். எந்தப் பாட்டு என்பதில் தினமும் ஒரு சண்டை, அதில் ஜெயிப்பது போன் வைத்திருப்பவள். இழுக்க ஒயர் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பாட்டை நிறுத்துவாள். நின்றதும் அவர் தலையைத் தூக்குவார்.

பல் டாக்டர் தன் வீட்டு சோபாவைப் பற்றிப் பேச நேரிலேயே வந்தார். பாட்டு நின்றது. சோபாக்காரர் நிமிர்ந்தார். டாக்டர் அவருடைய இடது பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சோபாக்காரரின் கை தன்னால் மார்புக்குப் போய் ஒயரைத் தேடியது. பிறகு கீழே இறங்கியது.

"டாக்டர், இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. எனக்கு அந்தக் காது கேக்காது."

டாக்டர் சுற்றிக்கொண்டு வந்து நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பாட்டை மறுபடி போடவில்லை.