பிய்யாத படம்

உயரமான கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கும் ஐவர் குழுவில், அவனுக்குப் பல்லி என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி. வேலையில் சேர்ந்த புதிதில், காற்று மற்றவர்களை ஊஞ்சலாட்டிய ஒரு பிற்பகலில், இவன் மட்டும் இரண்டு உள்ளங்கால்களையும் சுவரில் பதித்து, ஒட்டிவைத்தாற்போல் நின்றான். மேலிருந்து எட்டிப் பார்த்த மேஸ்திரி, "இது மனுசன் இல்லடா, பல்லி" என்றார். பெற்றோர் இட்ட பெயர் அன்றோடு புழக்கத்திலிருந்து போயிற்று. மனைவிகூடக் கோபம் வந்தால் அதைத்தான் எடுப்பாள். "வெளியிலதான் பல்லி. வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா, அதுக்கு ஒரு மாசம்."

வேலையில் அவனுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. துணியை நான்காக மடித்தே இடுப்பில் செருகுவான். கண்ணாடியின் மேல்மூலையில் தொடங்கிய வைப்பரைக் கீழ்விளிம்பு வரை கை எடுக்காமல் இழுப்பான். நடுவில் ஒரு நீர்க்கோடு விட்டுப்போனால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. கண்ணாடிக்கு அந்தப்புறம் மேசைகளில் அமர்ந்திருப்பவர்கள் அவனைப் பார்த்தும் பாராதவர்கள்போல் இருப்பார்கள். மரியாதை கருதி, அவனும் அவர்களுடைய கணினித் திரைகளைப் பார்ப்பதில்லை.

ஐந்தாண்டுகளுக்கு முன் மனைவியின் தம்பியையும் அதே குழுவில் சேர்த்துவிட்டான். அவள் முதலில் சம்மதிக்கவில்லை. "கட்டினவரும் கயித்துல, கூடப் பொறந்தவனும் கயித்துலயா?" என்று கேட்டாள். "பக்கத்துக் கயித்துல நான் இருக்கேன்ல?" என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தவன் இவன்தான். சொன்னபடியே எந்தச் சுவரானாலும் மாமனும் மைத்துனனும் அடுத்தடுத்த கயிறுகளில்தான் இறங்கினார்கள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் பயம் வந்தது. கயிறு அறுந்துபோகவில்லை, கொக்கி நழுவவில்லை, எவரும் விழவில்லை. காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எவரிடமாவது சொல்லியிருப்பான். வழக்கமான ஒரு காலையில் வழக்கமான ஒரு கண்ணாடியைத் துடைத்து முடித்தபோது, அதில் தன் முகத்தையும் முகத்துக்குப் பின்னாலிருந்த வானத்தையும் கண்டான். அதுநாள்வரை அது வானம். அன்று அது வெற்றிடமாகத் தெரிந்தது. எப்படியோ இறங்கிவந்து, தோள்வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அதன்பின் தோள்வலி அடிக்கடி வந்தது. தொங்கிய நாள்களில் கண்ணை மூக்குக்கு நேரேயுள்ள கண்ணாடியைவிட்டு அப்பால் விடுவதில்லை. தான் விழுந்துவிடுவோம் என்பதுகூட அவனுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. மைத்துனனுடைய கயிறு என்றாவது சிக்கிக்கொண்டால், சுவரை உதைத்துக் குறுக்கே பாய்ந்து அவனிடம் சென்று சேர வேண்டியவன் தான்தான். அது இனித் தன்னால் ஆகாது என்பது அவனுக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் கயிற்றிலிருந்து இறக்கிவிடுவார்கள். மைத்துனன் பக்கத்தில் வேறு எவனோ தொங்குவான். மனைவிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல், அவனால் இயன்ற ஒன்றை மட்டும் செய்தான். இறங்குவதற்கு முன் மைத்துனன் போட்ட முடிச்சைப் பலமுறை இழுத்து இழுத்துப் பார்த்தான். போதாக்குறைக்கு, அந்த மைத்துனனும் சில மாதங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "சரி மாமா", "இல்ல மாமா" என்பதோடு நிறுத்திக்கொண்டான். ஏன் என்று இவனுக்கு விளங்கவில்லை.

இந்த நிலையில் ஆண்டுப் பயிற்சி வந்தது. நிறுவனம் முந்தின ஆண்டு முதல் அதை வி.ஆர். ஹெட்செட்டில் நடத்துகிறது. குழுவினர் அதற்கு வைத்த பெயர் முகப்பெட்டி. முகத்தில் மாட்டிக்கொண்டால் கூடத்தின் கம்பளத்தில் நிற்பவன் இருபதாவது மாடியின் மொட்டைமாடியில் நிற்பான். விளிம்புவரை நடந்து, கீழே பார்த்து, இறங்கும் இடத்தைச் சரிபார்த்துக் காட்ட வேண்டும். அதில் தடுமாறுபவனை மறுநாள் சுவரில் இறக்கமாட்டார்கள்.

பல்லி கலங்கவில்லை. அவனிடம் ஓர் உபாயம் இருந்தது. முந்தின ஆண்டுப் பெட்டியில் தலை திரும்பும். படம் சற்றுப் பொறுத்து, அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்ட வேலைக்காரன்போல், பின்னாலேயே வரும். தலையைச் சடக்கென்று திருப்பினாலோ கட்டடமே ஓரங்களில் பிய்ந்துபோகும். பாதிப் பேருக்குக் குமட்டல் எடுத்தது. இந்த முறையும் பயம் எழும்போதெல்லாம் தலையை ஓர் உலுக்கு உலுக்கினால் போதும். படம் பிய்ந்து, 'நான் பொய்' என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும். கம்பளத்தில் நடப்பதற்கு எவன் அஞ்சுவான்?

கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கி, சாம்பல்நிறக் கம்பளத்தில் வெள்ளை நாடாவால் ஒரு சதுரம் ஒட்டியிருந்தார்கள். பயிற்சி தரும் பெண் மேசையிலிருந்து ஒரு புதிய பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

"போன வருசம் நிறையப் பேருக்குத் தலை சுத்திச்சு இல்லையா? அது நொடிக்கு அறுபது படம்தான் காட்டும். இது நூத்தி நாப்பத்தி நாலு. நீங்க திரும்பறதும் படம் திரும்பறதும் ஒண்ணா நடக்கும்."

பல்லி மனத்துக்குள் கணக்குப் போட்டான். அறுபது படத்துக்கே அவ்வளவு கிழிசல் என்றால், நூற்று நாற்பத்து நான்குக்கு இன்னும் கூடுதலாகத்தானே கிழிய வேண்டும்? நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

முதலில் போட்டுப் பார்த்தவன் வியர்த்த முகத்தோடு கழற்றினான். "மேடம், இது பொய்யின்னு உள்ள எங்கயாச்சும் எழுதி ஒட்டிடுங்க. புண்ணியமாப் போவும்." அடுத்து மைத்துனன் போட்டான், தடங்கல் இல்லாமல் முடித்தான், சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

பல்லியின் முறை வந்தது. பழைய பெட்டி முழுப் பாரத்தையும் மூக்கில் ஏற்றும். இதில் பாதி பின்மண்டைக்குப் போய்விட்டது. நெற்றியைத் தொட்ட பஞ்சில் முன்னவர்களின் வியர்வை குளிர்ந்தது. பழையதில் மூக்கோரம் ஒரு சந்து இருந்தது. கண்ணைத் தாழ்த்தினால் கம்பளமும் தன் செருப்பும் தெரியும். இதில் அந்தச் சந்தை ரப்பர் மடிப்பு அடைத்திருந்தது. பின்னாலிருந்த திருகை அவள் இறுக்க, கூடம் மறைந்தது; மொட்டைமாடி வந்தது.

சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், இரும்புக் கதவு. அவன் மெல்ல இடப்பக்கம் திரும்பினான். குழாயின் விளிம்பு மங்கவில்லை. கதவு ஓடிவந்து சேரவில்லை, முன்னமே அங்கு நின்றிருந்ததுபோல் நின்றது. கையை உயர்த்தினான், விரல்கள் பிந்தாமல் உடன் எழுந்தன. நெடுந்தொலைவில் ஒரு சாலையில் வண்டிகள் விட்டுவிட்டுத் துள்ளாமல், எண்ணெய் வழிவதுபோல் ஊர்ந்தன. ஒரு கணம் பயத்தையும் மறந்து, "அடேயப்பா" என்றான்.

அடுத்த கணம் உபாயம் நினைவுக்கு வந்தது. தலையைச் சடக்கென்று வலப்பக்கம் திருப்பினான். படம் பிய்யவில்லை. இடப்பக்கம் திருப்பினான். அப்போதும் பிய்யவில்லை. மாறி மாறி உலுக்கினான்.

"என்ன பல்லி, யாருக்கு வேணாம் வேணாம்னு சொல்ற?" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கேட்க, கூடம் சிரித்தது.

"விளிம்புகிட்ட வாங்க சார். குனிஞ்சு கீழ பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

அவன் நடந்தான், குனிந்தான். கீழே அந்த வெற்றிடம் இருந்தது. எட்டு மாதங்களாகக் கண்ணைக் கொடுக்காமல் தப்பித்து வந்தவன் அதனை நேருக்கு நேர் பார்த்தான். முழங்கால் மடங்கியது, உட்கார்ந்தான். கை இடுப்பைத் தடவிக் கொக்கியைத் தேடிற்று. பெல்ட்டே அணியாத இடுப்பில் கொக்கிக்கு எங்கே போவது? பத்து விரல்களும் கம்பளத்தைக் கவ்விக்கொண்டன.

"பல்லி தரையில ஒட்டிக்கிச்சுடோய்!"

பெரும் சிரிப்பு எழுந்தது. அவனுடைய தோள்கள் நடுங்குவதைக் கண்டதும் அது ஒவ்வொருவர் வாயிலும் தனித்தனியே அடங்கியது.

"சார், கழட்டிடலாமா?"

"வேணாம்" என்றான். பெட்டிக்குள் ஒரு முகமும் தெரியவில்லை. மேஸ்திரியின் முகமில்லை, மைத்துனனின் முகமில்லை. முகங்களுக்கு எதிரே வராத சொல் அங்கே வந்தது.

"மச்சான் இருக்கானா?"

"இருக்கேன் மாமா."

"என்னால முடியல மச்சான். இன்னைக்கு மட்டும் இல்ல, எட்டு மாசமா முடியல. தோள்வலின்னதெல்லாம் பொய். உன் கயிறு சிக்கிச்சுன்னா என்னால உன்கிட்ட வர முடியாது. பக்கத்துல நான் இருக்கேன்னு உங்கக்காகிட்ட சொன்னேன். நான் இல்லடா."

பக்கத்தில் எவரோ மண்டியிட்டு அமர்வது கம்பளத்தில் தெரிந்தது.

"அதுக்குத்தான் தினமும் என் முடிச்ச இழுத்து இழுத்துப் பாத்தீங்களா?"

"வேற என்னடா பண்ண முடியும் என்னால?"

"அட போங்க மாமா! எனக்கு ஒரு முடிச்சுக்கூட ஒழுங்காப் போடத் தெரியலன்னு நீங்க நெனைக்கிறீங்கன்னுல்ல மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்? அக்காகிட்டகூடச் சொல்லி அழுதேனே!"

"உங்கக்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

திருகைத் தளர்த்திப் பெட்டியைக் கழற்றியவர் மேஸ்திரி. அவர் முகத்தில் இரக்கம் இல்லை, கோபமே இருந்தது. "எட்டு மாசம்! நீ விழுந்திருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறது? நாளையிலேர்ந்து நீ மேல. கயிறு கட்டற இடத்தைப் பாக்கறது உன் பொறுப்பு. உன் மச்சான் பக்கத்துல நான் இறங்கறேன். தொங்கறதைப் பத்தி நானாச் சொல்ற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

மறுநாள் மொட்டைமாடியில், அவனுடைய மனம் நோகக்கூடாது என்று குழுவினர் எல்லோரும் அவனைச் சொந்தப் பெயரிட்டு அழைத்தார்கள். முதல் அழைப்புக்கு, வேறு எவரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் திரும்பவே இல்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே தம்பி பக்கத்துல யாரு?"

"மேஸ்திரியே இறங்கறாரு."

"சரி. உங்க பக்கத்துல யாரு?"

அந்தக் கேள்வி எப்படியோ தம்பியின் காதுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவள் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். விடுமுறை நாள்களில் வந்தால், இருபதாவது மாடியை விட்டுவிட்டு முதல் மாடியிலிருந்து பழகலாம்; மனம் ஒப்பும்போது ஒவ்வொன்றாக ஏறலாம். "பழைய பெட்டியிலயே பழகிக்கிறேனே மேடம்" என்று பல்லி கெஞ்சிப் பார்த்தான். "அதுல உங்களுக்குப் பயமே வராதே சார். வராத பயத்தை எப்படிப் பழக்கறது?" என்றாள்.

விடுமுறை நாள்களில் மைத்துனனும் உடன் வந்தான். முதல் மாடிக்கே மூன்று விடுமுறைகள் சென்றன. பல்லி வெள்ளைச் சதுரத்துக்குள் நிற்பான். மைத்துனன் நாடாவுக்கு வெளியே கம்பளத்தில் சம்மணமிட்டு அமர்ந்து வாயாடிக்கொண்டிருப்பான். சில மாதப் பேச்சுப் பாக்கி அவனிடம் இருந்தது.

நான்காவது விடுமுறையன்று பல்லி வெகுநேரம் அசையாமல் நின்றான். பிறகு, தலையை உலுக்காமல் மெல்லக் குனிந்தான்.

"எத்தனாவது மாடி மாமா?"

"ரெண்டு."

"கீழ பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்ன தெரியுது?"

பல்லியின் முழங்கால்கள் நடுங்கின, ஆனால் மடங்கவில்லை.

"தரை" என்றான்.

"அது எங்கயும் ஓடிடாது. நிதானமாப் பாருங்க" என்றான் மைத்துனன்.