குளிருக்குப் போர்த்திய கம்பளி

உள்ளறையிலிருந்து 'டிக்' என்றொரு சத்தம். அதோடு கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சலும் அடங்கியது.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் கை மாவோடு நின்றது.

"விஜி, என்னாச்சுய்யா?"

விஜிதரன் தலவாக்கலையில் கம்ப்யூட்டர் திருத்துபவன். செத்துப்போன அவள் மகன் மதுரனின் கூட்டாளி.

கொழும்பில் வேலை பார்த்த நாளில் மதுரன் பழைய சாமான்களைச் சேர்த்து இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பொருத்தி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வைத்தான். அவன் எடுத்த வீடியோக்கள் எல்லாம் அதற்குள். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஜீவராணி அங்கிருந்தபடியே போனில் பார்ப்பாள். பஸ் பள்ளத்தில் புரண்டு அவன் போன பிறகு, தம்பி சிரிப்பதைப் பார்க்க அந்தப் பாவிக்கு வேறு வழியில்லை.

அம்மாக்கண்ணுவுக்கோ அந்த விசிறிச் சத்தம் மகனின் மூச்சு. பனி இறங்கினால் அவனுடைய கம்பளியை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்திவிடுவாள்.

"சோறும் ஊட்டிவிடேன்டி!" என்பாள் பக்கத்து வீட்டு மீனம்மா.

"திங்கும்னா ஊட்டத்தான் செய்வேன், போடி."

போன மாதம் ஜீவராணி போனில் அழுதாள். பெட்டியோடு தொடர்பே கிடைக்கவில்லை. விஜிதரன் வந்து பார்த்தான். யாரும் தொடாதிருந்தால் பெட்டி தானாகத் தூங்கியது. வெளித் தொடர்பைத் தரும் நெட்வொர்க் கார்டும் கூடவே உறங்கியது. வெளியிலிருந்து அழைத்தால் யார் எழுந்திருப்பது?

"சாகலைங்கம்மா, தூங்குது. எழுப்பிடலாம்" என்று சிரித்தான். இனி இரண்டும் உறங்காதபடி மாற்றிவைத்தான். அடுத்த தடவை எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தருவதாகவும் சொல்லிப்போனான்.

இன்று அதற்கான புது டிஸ்க்கோடு வந்தபோது, பெட்டி கம்பளிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. முன்பு தூங்கித் தூங்கி ஆறியது, இப்போது ஓயாமல் ஓடி வெந்துபோயிருந்தது. அந்த 'டிக்' கேட்டதும் பெட்டியை அணைத்து, வீடியோக்கள் இருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் லெப்டொப்பில் மாட்டினான். டிக், டிக். கொழும்பில் தெரிந்தவருக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தான். "இனி எதையும் மீட்க ஆகாது" என்றார் அவர்.

அம்மாக்கண்ணு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிருமேன்னுதான் போத்துனேன். அதுனாலயாய்யா?"

கீழே கிடந்த கம்பளியின் பக்கம் அவன் திரும்பவில்லை. "இல்லைங்கம்மா. கரண்டு கூடிக் கொறைஞ்சிருக்கு. ஜீவாக்காகிட்டயும் அப்படியே சொல்லுங்க."

"அன்னைக்கு தூங்குதுன்னு சொன்னியே. எழுப்பிடலாம்னு சொன்னியே விஜி..."

அவன் புது டிஸ்க்கை உறை பிரிக்காமலே பையில் போட்டான்.

"ரொட்டி சுட்டாச்சு. சாப்பிட்டுப் போய்யா."

"இன்னொரு நாளைக்குங்கம்மா."

மழையில் இறங்கி நடந்தான். அவன் தலை மறையும்வரை அவள் நின்றாள். சுவர்த் தட்டின்மேல் போன் அடித்தது. திரையில் ஜீவராணியின் முகம். அம்மாக்கண்ணு போனைத் தொடாமல் கம்பளியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.