மழைக்காலத் தின்னர்

காரின் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் வரும் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் தம்பி பட்டறை வாசலில் நனைந்து நின்றான். நான் மூடியைப் பார்க்கவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "ஊதுல" என்றேன்.

ஊதினான். இஞ்சி டீதான் மணத்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குடியால் அவன் தொலைத்த வேலைகளைச் சொல்லி மாளாது. குடியை விட்டபின், எங்கள் சர்ச் பாஸ்டர் கேட்டுக்கொண்டதற்காக, செம்பூரில் ரிட்டயரான ஒரு சார் அவனை டிரைவராக வைத்துக்கொண்டார். குடித்தது தெரிந்தால் அன்றைக்கே சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பது பேச்சு. குடிகாரன் என்று பேர் வாங்கியவன் ஓட்டுகிற வண்டியில் கீறல் விழுந்தால், எப்படி விழுந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? பழையபடி ஆரம்பித்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள். அவன் பெண்டாட்டியே முதலில் சொல்வாள். அவள் பட்ட பாடு அப்படி.

விழுந்தது இப்படித்தான். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்து வரும்போது, ஆண்டாப் ஹில்லில் ஒரு சந்தில், எதிரே வந்த கைவண்டியில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூடியில் விரல் நீளத்துக்கு மெரூன் பெயின்ட் உரிந்து, உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் பல்லை இளித்தது. மத்தியானம் சார் புனாவிலிருந்து ரயிலில் தாதருக்கு வருகிறார். இவன் போய் அழைத்து வர வேண்டும். அதற்குள் மூடி பழையபடி ஆகாவிட்டால் வேலை போய்விடும், வேலையோடு இவனும் போய்விடுவான். எனக்கு அதுதான் பயம்.

ஹெல்மெட், பைக் டாங்க், கார்களின் சின்னச் சாமான்கள், இவற்றுக்கெல்லாம் ஏர்பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பது என் தொழில். பேனா மாதிரி பிடித்து அடிக்கிற குட்டித் துப்பாக்கி அது. பட்டறையும் என்னுடையது, வாயும் என்னுடையது, இரண்டுக்கும் தாராவியில் எங்கள் சந்தில் நல்ல பேர் உண்டு.

அவன் வரும் வழியிலேயே டச்-அப் பெயின்ட் வாங்கி வந்திருந்தான். நெயில் பாலிஷ் பாட்டில் அளவுதான். கடையில் அந்த மெரூனில் இருந்ததே அது ஒன்றுதானாம். பிரஷ்ஷால் தடவுவதற்காகச் செய்தது, தேன் மாதிரி இருக்கும். அப்படியே ஊற்றினால் ஏர்பிரஷ்ஷின் மூக்கு அடைத்துக்கொள்ளும். தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். துப்பாக்கியின் மேலிருக்கும் கோப்பையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்தால் மெல்லிசாகப் படர்ந்து இறங்க வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது.

தின்னரிலும் இரண்டு வகை வைத்திருக்கிறேன். வெயில் காலத்துக்கானது சட்டென்று காயும். மழைக்கானது மெதுவாகக் காயும். மழை நாளில் வெயில் தின்னரைப் போட்டால், காற்றிலிருக்கும் ஈரம் பெயின்டில் இறங்கி வெள்ளை பூத்துவிடும். கடையில் இரண்டையும் லூஸாகத்தான் ஊற்றித் தருவார்கள். என்னிடம் இரண்டும் ஒரே மாதிரி பழைய கூல்டிரிங் பாட்டிலில் இருக்கும். எழுதி ஒட்டினால் தின்னர் பட்டு எழுத்து கரைந்துபோகும். அதனால் மோந்து பார்த்துத்தான் எடுப்பேன். அன்றைக்கு அவன் வாயை மோந்தேன், பாட்டிலை மோக்கவில்லை.

உப்புத்தாள் தேய்த்து, அடிப்பூச்சாக பிரைமர் அடித்து, காயும் வரை அவனைத் திட்டினேன். பெயின்டைக் கலக்கும்போதும் திட்டினேன். சந்துக்குள் ஏன் போனாய், கண்ணு பிடரியிலா இருந்தது, எல்லாம்தான். முதல் கோட் அழகாக விழுந்தது. அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெரூன் மங்கி, சாம்பல் தூவின மாதிரி வெளுத்துப்போனது.

"அக்கா, இது என்ன வெள்ளையா வருது?"

பாட்டிலைத் திறந்து மோந்தேன். வெயில் தின்னர். அவனைத் திட்டின அத்தனையையும் என்னை நானே திட்டிக்கொண்டு, துணியைத் தின்னரில் நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தெடுத்தேன். கூடவே பிரைமரும் வந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். டச்-அப் பாட்டிலிலோ அடிமட்டத்தில்தான் கொஞ்சம் மிச்சம்.

இந்த முறை பாட்டிலை மோந்து, மறுபடியும் மோந்து, மழைத் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இன்னொரு தடவை கெட்டால் பெயின்ட் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பனி விழுகிற மாதிரி அடித்தேன். அவன் வாசலில் நின்று மழையையும் செல்போனில் மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "ஜல்தி பண்ணுக்கா" என்று முணுமுணுத்தான். மெரூன் மெரூனாகவே நின்றது.

மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் கோட் அடிக்க வேண்டும். அதற்குள் துப்பாக்கியில் மெரூன் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. நான் மூடியைப் பல்புக்குக் கீழே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்ததால், அவனைக் கழுவச் சொன்னேன். கோப்பையில் தின்னர் விட்டு, துப்பாக்கியின் மூக்கை விரலால் பொத்தி, விசையை லேசாக அழுத்தினால், காற்று திரும்பிவந்து கோப்பைக்குள் குமிழ் விடும். உள்ளே ஒட்டினது கலங்கி மேலே வரும். மெதுவாகச் செய் என்று சொன்னேன். அவன் அவசரத்தில் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டான். கோப்பையிலிருந்தது மொத்தமும் அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

மாற்றுச் சட்டை கிடையாது. தின்னர்த் துணியாலேயே ஒற்றி ஒற்றிக் கறையை எடுத்தேன். கிளியர் அடித்துக் கொடுத்தேன், காய்ந்ததும் அவன் மூடியைக் காரில் மாட்டிக்கொண்டு தாதருக்குப் பறந்தான். அவன் போன பிறகு துப்பாக்கியின் ஊசியை உருவி, நுனிப் பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையின் வாடை எனக்கே மூக்கில் ஏறியது. அப்போதுதான் உறைத்தது. மழை, அடைத்த ஜன்னல், ஏசி, பின்சீட்டில் சார், முன்சீட்டில் அந்தச் சட்டை. கறையைத்தான் எடுத்தேன், வாடையை எடுக்கவில்லை. போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை. அதன் பிறகு வேலையில் கை ஓடவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். அதே சட்டை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"சார் ஏறினதும் மோந்துட்டாவ. வண்டிய ஓரங்கட்டச் சொன்னாவ. என்னைய ஊதச் சொன்னாவ."

ஊதினானாம். வாயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், சட்டையில் என்ன என்று கேட்டிருக்கிறார். இவன் கைவண்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த மழையில் அவர் குடையோடு இறங்கி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் என்று இவனிடமே கேட்டாராம். நாளைக்குக் காலையில் வழக்கம்போல வரச் சொல்லிவிட்டாராம்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. முதலிலேயே அவரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை பாடு உண்டா என்று கத்தினேன்.

"சொன்னா யாருக்கா நம்புவா? நீயே என்ன ஏதுன்னு கேக்கல, ஊதத்தான சொன்ன. சார் ஊதச் சொன்னது கூட வலிக்கல."

இனி ஊதச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "நாளைக்கும் கேப்பேம்ல" என்றேன்.

"கேளு" என்றான். உள்ளே வந்து, நான் கேட்காமலே குனிந்து, என் முகத்துக்கு நேராக ஊதினான்.

பட்டறை முழுக்கத் தின்னர் வாடை, அவன் சட்டையிலும் தின்னர், என் கையிலும் தின்னர். அவன் வாயில் என்ன மணக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"சரி, போய்ச் சாப்பிடுல" என்றேன்.