ஏரியில் விட்ட மைப்படி

இதை எழுத உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்துபோனது எத்தனையோ தடவை. இப்படியே வருஷங்கள் போய்விட்டன. ஈசுவரன் சந்நிதியில் நின்று சொல்லிவிட்டேன். மனுஷரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அல்சூரில் எங்கள் வீடு. நான் சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. படிப்பு நாலாவது பாரத்தோடு சரி. கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால், ஆராய்ச்சி எழுதத் தொடங்கிய சின்ன வயசுக்காரர்கள் பத்திரிகைக்கு அனுப்பும் கட்டுரைகளை என்னிடம் நகல் எடுக்கக் கொண்டுவருவார்கள். எனக்கு வாசித்தும் காட்டுவார்கள். "இந்த இடம் விளங்கலியே" என்று நான் சொன்னால் அங்கே திருத்துவார்கள். எனக்கே விளங்கினால் எல்லாருக்கும் விளங்குமாம்!

அப்படி வந்தவர் ஒரு டீச்சரம்மா. மாதாகோயில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு கிராமத்து வயலில் கிடந்த சாசனக் கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, மை தட்டிப் படி எடுத்திருந்தார். அந்த ஊர் ஏரியை வெட்டியவள் ஒரு கைம்பெண் என்று அதில் இருந்தது. அதுதான் அவருடைய முதல் கட்டுரை. வரிகளை ஒப்பிட்டு எழுத அந்த மைப்படியையும் கொடுத்தார். முதல் வரியிலேயே சிவநாமம். அதனால் சுருட்டிப் பூஜை அலமாரியில் வைத்தேன்.

கட்டுரை தபாலில் போயிற்று. ஆடி பிறக்குமுன் வீடு சுத்தம் செய்தோம். சுவாமி பெயர் உள்ள தாளைக் குப்பையில் போடுவதும் எரிப்பதும் எங்களுக்கு ஆகாது, அல்சூர் ஏரித் தண்ணீரில்தான் விடுவோம். கிழிந்த தோத்திரப் புஸ்தகங்களைக் கட்டும்போது என் வீட்டுக்காரி கேட்டாள்:

"இந்தச் சுருள் அந்தம்மாவுதாச்சே?"

"நகல் எடுத்து அனுப்பியாச்சு. இனி எதுக்கு? ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு பாரு. சேத்துக் கட்டு."

மறுவாரம் டீச்சரம்மா சிரித்த முகமாக வந்தார். "ரைட்டரையா, அந்த மைப்படியக் குடுங்க. பத்திரிகைக்காரங்க கண்ணால பாத்துட்டுத்தான் அச்சு போடுவாங்களாம்."

"அத ஏரியில விட்டாச்சேம்மா. மஞ்சத்துணியில கட்டி, கற்பூரம் காட்டித்தான் விட்டேன்."

"கற்பூரமா!" என்று சிரித்தார். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார் போலும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"ஐயா, அந்தக் கல்ல மதகு கட்ட ஒடைச்சுட்டாங்க. போன மாசம் போய்ப் பாத்தேன். அந்தத் தாளத் தவிர வேற எங்கயும் இல்லீங்க அது."

ஏரிக்கு ஓடி இடுப்பளவு தண்ணீரில் துழாவினேன். மஞ்சள் துணி கிடைத்தது. உள்ளே இருந்தது கூழ்.

டீச்சரம்மா பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினார்: மைப்படி தமது கவனக்குறைவால் அழிந்தது என்று. அதையும் என்னிடமே நகல் எடுக்கக் கொடுத்தார். பேனாவைக் கீழே வைத்தேன்.

"பொய்ம்மா இது. நான் செஞ்சதுன்னு போடுங்க."

"போட்டா அப்புறம் யாரு உங்ககிட்ட கட்டுரை குடுப்பாங்க? மத்த புள்ளைங்க எல்லாம் எங்க போகும்? எழுதுங்க."

எழுதினேன். அதுதான் என் பாவம். ஏரியில் விட்டதைவிடப் பெரிய பாவம்.

பத்திரிகைக்காரர்கள் மைப்படியைப் பார்க்காமலே கட்டுரையை அந்தக் குறிப்போடு வெளியிட்டார்கள். அடுத்த இதழிலேயே ஒரு பண்டிதர், அப்படி ஒரு கல்லே இருந்ததில்லை, அம்மாள் கற்பனை செய்தார் என்று எழுதிவிட்டார். டீச்சரம்மா அதற்குப் பிறகு ஒரு கட்டுரையும் எழுதவில்லை. என்னைத் தெருவில் கண்டால், "சௌக்கியமா, ரைட்டரையா?" என்று மட்டும் கேட்பார்.

கல் இருந்தது. மைப்படியை நான் என் இரண்டு கண்ணால் பார்த்து, வரி வரியாக ஒப்பிட்டேன். தண்ணீரில் விட்டவனும் நானே. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். "பக்தியில் செய்தான், பாவம்" என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். கற்பூரம் காட்டியதை விட்டுவிடவும் வேண்டாம். இருந்தபடியே சொல்லுங்கள்.