கருப்பசாமிக்குக் கட்டிய பின்சக்கரம்

விருதுநகரில் பழைய மாடல் சைக்கிள் கட்டிக் கொடுப்பது என் தொழில். ஆர்டர் கொடுப்பவர்களில் பாதிப் பேர் வாசலில் நிறுத்தி போட்டோ எடுக்கத்தான் வாங்குவார்கள். நிஜமாகவே ஓட்டுவதற்கென்று கேட்டு வந்தவர் அச்சங்குளம் மாரியம்மாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அண்ணாச்சி. முன்னாடி வச்சிருந்த மாதிரியே உசரமா, கருப்பா வேணும். தெனமும் ஓட்டுவாக."

"பின்னால லோடு ஏத்துவாகளா?"

"நான்தான் உக்காருவேன்."

தினமும் இரண்டு பேர் என்றால் பின் சக்கரம்தான் உயிர். இருபத்தெட்டு இஞ்ச் ரிம், முன்னால் முப்பத்திரண்டு ஓட்டை, பின்னால் நாற்பது. ஓட்டை கூடினால் ஸ்போக் கூடும், பாரம் பங்காகும். சக்கரத்தின் நடுவில், எண்ணெய் விட மூடி வைத்த பழைய பாணி ஹப் போட்டேன். ஹேண்டில்பாருக்கு அடியில் கம்பி பிரேக். ரிம்மில் பெண்டு எடுக்கவே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். என் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். கணவர் கருப்பசாமி கையைத் துண்டால் மூடியிருந்தார். ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். துண்டை எடுத்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்து, இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஹேண்டில்பாரில் உள்ளங்கையை வைக்க முடிந்தது. பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை.

"வண்டி அருமையா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் துண்டை மறுபடி சுற்றிக்கொண்டார்.

எனக்குக் கோபம் மாரியம்மாள் மேல்தான் வந்தது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"ரெண்டு கடையில சொன்னேன். இந்தக் கைய வச்சிக்கிட்டு எதுக்கு சைக்கிளுன்னாக. அதான் இங்கன சொல்லல."

சொல்லியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது.

பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கிற கோஸ்டர் ஹப் உண்டு. கை வேண்டாம். ஆனால் எனக்குக் கிடைத்த ஹப்பில் முப்பத்தாறு ஓட்டை, என் ரிம்மில் நாற்பது. பார்த்துப் பார்த்துக் கட்டிய சக்கரத்தைப் பிரித்துப் போட்டேன். மதுரையில் அலைந்து அதே முப்பத்தாறு ஓட்டையில் கனமான ரிம் ஒன்று பிடித்து, தடித்த ஸ்போக் கோத்தேன்.

கருப்பசாமி தெருவில் ஒரு சுற்றுப் போய், என் முன்னால் காலாலேயே நிறுத்திச் சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனி எங்கன சவாரி?"

"இவளக் கம்பெனில கொண்டுபோய் விடணும். அம்புட்டுத் தூரம் நடந்து போறா."

"எந்தக் கம்பெனி?"

"அதேதான். என் எடத்துல இவளச் சேத்துக்கிட்டாக."

மாரியம்மாள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். சக்கரம் இம்மியும் ஆடவில்லை.

ஹப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓட்டுகிறவர் கையைப் பார்க்க வேண்டும். பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு தரம் ஸ்போக் முறுக்க இருவரும் வருகிறார்கள். பிரேக்கைப் பார்க்கச் சொல்வார் கருப்பசாமி. நான் முதலில் மாரியம்மாளின் கையைப் பார்ப்பேன்.